மாமாவைத் தோற்கடிக்கக் கற்ற ஆட்டம்

உடைந்த பிங்போங் பந்தை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்திருக்கிறீர்களா? அந்தக் காலத்துப் பந்துகள் யார் காலிலாவது மிதிபட்டு விரிசல் விட்டால், உள்ளேயிருந்து லேசாகக் கற்பூர வாசனை கிளம்பும். என் பதின்மூன்றாம் வயது முழுக்க அந்த வாசனையில்தான் கழிந்தது. கற்பூர வாசனை வந்தால் மற்றவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். நான் சந்திரன் மாமாவை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொள்வேன்.

சந்திரன் மாமா என் அம்மாவுக்கு ஒரே அண்ணன். சிங்கப்பூரில் ஒரு கப்பல் பட்டறையில் மேற்பார்வையாளர். எல்லைக்கு இந்தப் பக்கம், மலேசியாவின் மாசாயில் தெருமுனை வீடு, இரண்டு கார்கள் நிற்கக்கூடிய அகலமான ‘போர்ச்’. மாமா கார்களை வெளியே சாலையோரம் நிறுத்திவிட்டு, அந்தப் போர்ச்சின் நடுவில் நீல நிறப் பிங்போங் மேசை ஒன்றைப் போட்டு வைத்திருந்தார். பட்டறையின் ஆட்டக் குழுவில் அவர் விளையாடிக்கொண்டிருந்த காலம் அது. விருந்தாளி யார் வந்தாலும் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் கையில் ஒரு பேட்டைத் திணித்து மேசைக்கு இழுத்துவிடுவார். வீட்டுப் பக்கம் எப்போதும் அவர் நிற்பார். எதிராளிக்குக் கேட் பக்கம். அந்தப் பக்கத்தில், கேட்டுக்கு ஓரமாக, நாங்கள் ‘லோங்காங்’ என்று சொல்லும் சாக்கடை திறந்தபடி ஓடும். தவறவிட்ட பந்தெல்லாம் நேராக அதில்தான் போய் விழும்.

நாங்கள் கூலாயில் ஒரு வரிசை வீட்டில் இருந்தோம். அப்பா ‘கம்பெனி பஸ்’ ஓட்டினார். செடெனாக் பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் தாமான் என்கிற குடியிருப்புகளிலிருந்தும் பெண்களை ஏற்றிக்கொண்டு செனாய் தொழிற்சாலைகளில் இறக்கிவிடும் வேலை. அதிகம் பேசமாட்டார். பேருந்தில் யாராவது தூங்கிவிட்டால் இறங்குமிடம் வந்ததும் ஹாரன் அடிக்காமல் எழுந்துபோய் இருக்கையைத் தட்டி எழுப்புகிற மனிதர்.

அந்த ஆண்டு தீபாவளிக்கு மாமா வீட்டில் நல்ல கூட்டம். பட்டறை நண்பர்கள், அக்கம்பக்கத்துச் சீனர்கள், மலாய்க்காரர்கள், அத்தை வழி உறவுகள் என்று போர்ச்சைச் சுற்றி நாற்காலிகள் நிரம்பியிருந்தன. அப்பா புது பாத்திக் சட்டையில் ஓர் ஓரமாக உட்கார்ந்து மட்டன் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்தார். மாமா பிடித்துக்கொண்டார்.

“வாங்க மாப்ள, ஒரு கேம் போடலாம்.”

“எனக்கு இதெல்லாம் தெரியாதே மச்சான்.”

“தெரியாட்டி என்னா? அவ்ளோ பெரிய பஸ்ஸையே ஓட்டுறீங்க. இத்தனூண்டு பந்து என்னா செஞ்சிடும்?”

அப்பா கேட் பக்கம் போய் நின்றார். மாமா ‘சர்வீஸ்’ போட்டார். பந்து அப்பாவின் பக்கத்தில் விழுந்ததும் யாரோ இழுத்தாற்போல் பக்கவாட்டில் ஓடியது. அப்பா காற்றில் வீசினார். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்ததும் அப்படியே. மூன்றாவது பந்தை எப்படியோ தொட்டுவிட்டார், அது உயரே எழும்பி மேசையில் விழ, மாமா முழு பலத்தோடு அதை அடித்தார். பந்து அப்பாவின் நெஞ்சில் பட்டுத் தெறித்தது.

“அலமாக்! ஸ்டியரிங் புடிக்கிற மாதிரி புடிக்கிறாரு பாருங்க!” என்று மாமா கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். ஒருவர் கையை வாயில் குவித்து ஹாரன் மாதிரி ஊதிக் காட்டினார்.

அப்பாவும் சிரித்தார். ஒவ்வொரு முறையும் சாக்கடையருகே குந்தி, கையை விட்டுப் பந்தை எடுத்து, செடிகளுக்குத் தண்ணீர் விடும் குழாயில் அதைக் கழுவி, சட்டை நுனியில் துடைத்து, மேசையைச் சுற்றி நடந்துபோய் மாமாவிடம் இரண்டு கையாலும் கொடுத்தார். சில்லறை வாங்குகிறவர்போல மாமா ஒற்றைக் கையை மட்டும் நீட்டி வாங்கிக்கொண்டார். ஆட்டம் முடியும்வரை அப்பா ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. கடைசியில் மாமா அவர் தோளில் கை போட்டுக்கொண்டு சொன்னார்: “ஆட்டத்துல எப்படியோ, பந்து பொறுக்குறதுல எங்க மாப்ளதான் லா சாம்பியன்!”

திரும்பி வரும்போது காரில் அம்மா முன்னிருக்கையில் உட்கார்ந்து வளையலைத் திருகிக்கொண்டே வந்தார். “அண்ணன் சும்மா வெளையாட்டுக்குத்தான் சொன்னாரு. மனசுல வெச்சுக்காதீங்க.”

“நான் என்னா வெச்சுக்கிட்டேன்? மட்டன் நல்லா இருந்துச்சு” என்றார் அப்பா.

அவருடைய புதுச் சட்டையின் நுனியில் சாக்கடைக் கறை பட்டிருந்தது. பின்னிருக்கையிலிருந்து நான் அதையே பார்த்துக்கொண்டு வந்தேன். அவர் வைத்துக்கொள்ளவில்லை. நான் வைத்துக்கொண்டேன்.

எங்கள் தாமானின் பொது மண்டபத்தை, மலாயில் சொல்கிறபடி, எல்லோரும் ‘பாலாய் ராயா’ என்போம். அங்கே ஒரு பழைய மேசை கிடந்தது. ஒரு கால் ஆடும். அதற்கு அட்டையை மடித்து வைத்திருந்தார்கள். பள்ளி விட்டு வந்ததும் அங்கே போய்விடுவேன். முதலில் மாமாவைப் போலவே அடித்துப் பார்த்தேன், ஏனென்றால் பழிவாங்குவது என்றால் அடிப்பது என்றுதான் நினைத்திருந்தேன். மெலிந்த கை. நான் பலம் கொண்ட மட்டும் அடித்த பந்துகள் வலையில் விழுந்தன, இல்லாவிட்டால் சுவரில் மாட்டியிருந்த சுல்தான் படத்துக்குப் போயின. மண்டபத்தைப் பெருக்குகிற மலாய்க்கார அக்கா படத்தைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டார்.

சியூ லிங் அங்கேதான் எனக்குப் பழக்கமானாள். பின்வரிசைக் காப்பிக் கடைக்காரரின் மகள், என் வயது. அவளுக்கு அடிக்கத் தெரியும். பள்ளிக் குழுவில் இடம் பிடிக்க வேண்டும் என்ற வெறி இருந்தது. ஆனால் அவள் அடித்த பந்தைத் திருப்பிப் போட ஆள் இல்லை. ஒரு பந்து அடிப்பாள், எதிரே நிற்பவர் தவறவிடுவார், ஓடிப் பொறுக்கி வருவார். அதில் பயிற்சி எங்கே நடக்கும்? “நீ ஜெயிக்க வேணாம், திருப்பிப் போடு, போதும்” என்று என்னிடம் மலாயில் பேரம் பேசினாள். அடிப்பதற்கு லாயக்கில்லாத எனக்கு அது முதலில் அவமானமாகத்தான் இருந்தது.

அவள் கடைத் தொலைக்காட்சியில் ஒரு நாள் ஒரு பெண்கள் ஆட்டம் ஓடியது. ஒருத்தி மேசைக்கு வெகு பின்னால் போய் நின்றுகொண்டு, எதிராளி இடிபோல அடித்த ஒவ்வொரு பந்தையும் மேலிருந்து கீழாக வெட்டி வெட்டித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தாள். அடித்தவளுக்கு மூச்சு வாங்கியது, முகம் சிவந்தது, கடைசியில் எளிதான ஒரு பந்தை வலையில் போட்டுவிட்டுப் பேட்டை மேசையில் ஓங்கித் தட்டினாள். பின்னால் நின்றவள் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. அந்தச் சிவந்த முகத்தில் நான் மாமாவைப் பார்த்தேன். கோப்பையிலிருந்த மைலோ ஆறிப்போனதுகூடத் தெரியாமல் கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு நான் தற்காப்பு ஆட்டம் பழகினேன். பொழுதுபோக்குக்கு விளையாடுகிறவர்கள் பெரும்பாலும் இதைக் கோழைகளின் ஆட்டம் என்று நினைக்கிறார்கள். இருக்கட்டும், அப்படி நினைப்பவர்களைத் தோற்கடிப்பதுதான் சுலபம்.

முதலில் நிற்கப் பழக வேண்டியிருந்தது. முட்டியைக் கொஞ்சம் மடக்கி, குதிகாலில் பாரம் போடாமல், பேட்டை வயிற்றுக்கு முன்னால் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். ஒரு பந்தைத் திருப்பியதும் நடுவிடத்துக்கு வந்துவிட வேண்டும். அடித்த இடத்திலேயே நின்று ரசித்தால் அடுத்த பந்து காலியான பக்கத்தில் போய்விடும். மேசையை ஒட்டி வரும் வேகமான பந்தைத் தடுக்கப் பேட்டை இறுக்கிப் பிடிக்கக் கூடாது, நன்றாகப் பழுத்த பப்பாளியைப் பிடிப்பதுபோல் பிடிக்க வேண்டும் என்று விழுந்து எழுந்து கண்டுகொண்டேன். கை இளகியிருந்தால் எதிராளியின் வேகம் அங்கேயே செத்துவிடும், பந்து வலைக்கு அந்தப் பக்கம் சோம்பலாகப் போய் விழும். தூர நின்று வெட்டுவது வேறு. பந்து எழும்பி, உச்சிக்குப் போய், இடுப்பளவுக்கு இறங்கி வரும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு தோளருகிலிருந்து பேட்டைக் கீழாகவும் முன்னாகவும் இறக்கி, மேசை விளிம்புத் தூசியை ஒரே இழுப்பில் துடைப்பதுபோல் பந்தின் அடியைத் தேய்த்துவிட வேண்டும். பந்து பின்னோக்கிச் சுழன்றுகொண்டே போகும். எதிராளி அதை வெறுமனே அடித்தால் நேராக வலைதான்.

இதில் எனக்குக் காத்திருப்பதுதான் வரவில்லை. மாமாவின் முகத்தை நினைத்துக்கொண்டேதான் ஒவ்வொரு பந்தையும் எதிர்கொள்வேன், நினைத்த மாத்திரத்தில் விரல்கள் இறுகும், பந்து இறங்குவதற்குள் கை முந்திக்கொண்டு ஓடும். சியூ லிங் பேட்டைக் கீழே வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொள்வாள். “ஜாங்கான் மாரா” என்பாள், கோபப்படாதே என்று. யார் மேல் கோபம் என்று அவளுக்குத் தெரியாது. ஒரு நாள் சொன்னேன், சாக்கடை, சட்டைக் கறை, எல்லாவற்றையும். அவள் யோசித்துவிட்டு, கோபத்தை அந்த மனிதரிடம் காட்டு, பந்திடம் காட்டாதே என்றாள். பிறகு ஒரு தந்திரமும் சொன்னாள். ஒரே மாதிரி கையை வீசு, ஆனால் ஒரு பந்தைத் தேய், அடுத்த பந்தைத் தேய்க்காமல் சும்மா தள்ளு. எது சுழல்கிறது, எது சுழலவில்லை என்று தெரியாமல் அவர் திண்டாடட்டும். பல மாலைகள் அதை அவள் மேலேயே பழகினேன். சுழலாத பந்தைச் சுழல்வதாக நினைத்து அவள் தூக்கிவிடுவாள், அது மேசைக்கு வெளியே போகும். சீனத்தில் என்னைத் திட்டுவாள். அந்தத் திட்டு எனக்கு இனித்தது.

மார்ச் பள்ளி விடுமுறையில் அம்மாவோடு மாசாய்க்குப் போனேன். மாமா வழக்கம்போல், “ஏய் யோகா, வா புள்ள, மாமாகூட ஒரு கேம்” என்று கூப்பிட்டார். வேண்டுமென்றே மோசமாக விளையாடினேன். பேட்டை அப்பாவைப் போலவே பிடித்துக்கொண்டு காற்றில் வீசினேன். பந்தைச் சாக்கடையிலிருந்து எடுத்துக் கழுவிக் கொடுத்தேன். “அப்பன் மாதிரியே” என்று மாமா சிரித்தார். நானும் சிரித்தேன், கண்ணை மட்டும் அவர் மேலிருந்து எடுக்கவில்லை. அவருடைய குட்டை சர்வீஸ் பக்கவாட்டில் ஓடுவதற்கு முன் மணிக்கட்டு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்தேன். ஓங்கி அடித்த பிறகு அவர் நடுவிடத்துக்குத் திரும்புவதில்லை என்று பார்த்தேன். வலது கை முழங்கைக்கு நேராகப் பந்து வந்தால், உள்ளங்கைப் பக்கமா, புறங்கைப் பக்கமா என்று ஒரு கணம் தடுமாறுவதையும் பார்த்தேன். எல்லாவற்றையும்விட முக்கியமாக, என் பேட்டின் விளிம்பில் தற்செயலாகப் பட்டு ஒரு பந்து மூன்றாவது முறையும் திரும்பிப் போனபோது, மாமா ‘ச்சே’ என்றார். மூன்றே அடியில் ‘ச்சே’ சொல்கிற ஆள் பத்து அடியில் என்ன சொல்வார் என்று யோசித்துக்கொண்டே வீடு திரும்பினேன். காரில் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டு அந்தத் தடுமாறும் முழங்கையை மீண்டும் மீண்டும் ஓட்டிப் பார்த்தேன்.

அடுத்த தீபாவளி வந்தது. அன்று காலையிலேயே மாமா வீட்டுக்குப் போய்விட்டோம். போனதும் துடைப்பத்தை எடுத்துப் போர்ச்சைப் பெருக்க ஆரம்பித்தேன். “பாரு, பொம்பளப் புள்ளன்னா இப்படி இருக்கணும்” என்று அத்தை தன் மகளிடம் சொன்னார். நான் பெருக்கியது உண்மைதான். ஆனால் வீட்டுப் பக்கம் சுவரோரம் இருந்த செருப்பு அலமாரியையும் பூந்தொட்டிகளையும் நகர்த்தி, பின்னால் போய் நின்று வெட்டுவதற்கு இடம் செய்துகொண்டேன்.

சாயங்காலம் கூட்டம் சேர்ந்தது, ஏறக்குறைய அதே முகங்கள். ஹாரன் ஊதிக் காட்டியவரும் இருந்தார். மாமா இரண்டு மூன்று பேரைத் தோற்கடித்துவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “வேற யாரு?” என்றார்.

“நான் வர்றேன் மாமா” என்றேன். “ஆனா வெயிலு கண்ணுல அடிக்குது. நான் இந்தப் பக்கம் நிக்கட்டுமா?”

“எந்தப் பக்கம் நின்னாலும் ஒண்ணுதான்” என்று சிரித்துக்கொண்டே அவர் கேட் பக்கம் போனார். சாக்கடை இப்போது அவருக்குப் பின்னால் ஓடியது.

அப்போதெல்லாம் ஒரு ஆட்டம் இருபத்தொன்றுக்கு. தொடக்கத்தில் அவர்தான் முன்னேறினார். நான் இரண்டு மூன்று பந்துகளை முந்திக்கொண்டு வெட்டி வலையில் போட்டேன். மாமா கூட்டத்தைப் பார்த்து ஏதோ ஜோக் சொன்னார். நான் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு, பாவாடையில் உள்ளங்கையைத் துடைத்து, மூச்சை விட்டேன். பிறகு பின்னால் போய் நின்றேன்.

அவர் அடித்தார், திருப்பினேன். மறுபடி அடித்தார், திருப்பினேன். மூன்றாவதை இன்னும் பலமாக அடித்தார். இடுப்பளவுக்கு இறங்கட்டும் என்று காத்திருந்து தேய்த்துவிட்டேன். பந்து வலைக்குச் சற்று மேலாக மிதந்துபோய் அவர் முழங்கைக்கு நேராக விழுந்தது. அவர் தடுமாறி அடித்தார். வலை. கூட்டத்தில் யாரோ “ஹோ” என்றார்கள். அடுத்த பந்தும் அப்படித்தான். அதற்கடுத்ததைத் தேய்க்காமல் தள்ளினேன், அவர் வலையில் விழுந்துவிடுமோ என்று பயந்து தூக்கினார், அது என் தலைக்கு மேலே பறந்து வீட்டுச் சுவரில் பட்டது.

“இந்தப் பந்து சரியில்ல” என்றார் மாமா. புதுப் பந்து எடுத்தார்கள்.

மேசைக் காற்றாடியை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினார்கள். பேட்டை மாற்றினார். புள்ளிகள் சமமானபோது போர்ச்சில் பேச்சு அடங்கியிருந்தது. சமையலறையிலிருந்து அத்தை கரண்டியோடு வாசலுக்கு வந்து நின்றார். மாமாவின் புதுச் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் அடிக்க அடிக்க எனக்குள் ஏதோ ஒன்று குளிர்ந்துகொண்டே போனது. அவ்வளவு நாள் சுமந்த ஆத்திரம் கையை விட்டுப் போய் அவர் முகத்தில் ஏறிக்கொண்டதுபோல் இருந்தது. அந்த முகம் சிவக்கச் சிவக்க, நான் இன்னும் மெதுவாக, இன்னும் தாழ்வாகத் திருப்பினேன். உண்மையைச் சொன்னால், சீக்கிரம் முடித்துவிடவும் எனக்கு மனமில்லை.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். திருப்பிக்கொண்டே இருப்பவரைக் கண்டு யாரும் பயப்படுவதில்லை. என்றாவது அடிப்பார் என்று தெரிந்தால்தான் பயம். அதை நான் கடைசிப் பந்துக்கு வைத்திருந்தேன். அடித்து ஓய்ந்துபோன மாமா, என்னைத் தூரத்தில் பார்த்துவிட்டு, வலைக்குப் பக்கத்தில் சும்மா ஒரு பந்தைத் தட்டிப் போட்டார். நான் அதைத்தான் எதிர்பார்த்திருந்தேன். ஓடிவந்தேன். பந்து கொஞ்சம் உயரமாக எழும்பியது. அவர் வலது மூலையில் இருந்தார், வழக்கம்போல் நடுவுக்குத் திரும்பியிருக்கவில்லை. அந்த ஆட்டத்திலேயே முதல் முறையாக ஓங்கி, காலியான மூலையில் அடித்தேன். பந்து மேசையைத் தொட்டுவிட்டு நேராகச் சாக்கடைக்குப் போனது.

கைதட்டினார்கள். ஹாரன் ஊதியவர்தான் பலமாகத் தட்டினார். மாமா பேட்டை மேசையில் வைத்தார். பிறகு, பந்து அவர் பக்கம் விழுந்திருந்ததால், வேறு வழியில்லாமல், குனிந்து குந்திச் சாக்கடையில் கையை விட்டு அதை எடுத்தார். சொட்டச் சொட்ட அதை மேசையில் வைக்கப் போனார்.

“மாமா,” என்றேன். “கழுவிட்டுக் குடுங்க.”

கைதட்டல் நின்றது. “யோகா!” என்று அம்மா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். மாமா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் அவருக்கு எல்லாம் புரிந்தது என்று நான் கண்டேன். ஓராண்டாக நான் காத்திருந்ததும் அதற்குத்தான்.

அப்பா எழுந்தார். மாமாவின் கையிலிருந்து பந்தை வாங்கிக்கொண்டு குழாயடிக்குப் போனார், கழுவினார், கைக்குட்டையில் துடைத்தார், மேசையின் நடுவில் வைத்தார். “கெளம்பலாம்” என்றார், யாரையும் பார்க்காமல். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவருக்காகச் செய்ததை அவரே துடைத்து வைத்துவிட்டாரே என்று.

கிளம்பும்போது அத்தை பலகார டப்பாவை என் கையில் கொடுத்தார். கொடுத்தவர் மணிக்கட்டை விடாமல் அழுத்திப் பிடித்து, காதருகே, “இவருக்கு இது வேணும்” என்று கிசுகிசுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

காரில் அம்மா அழுதார். “எனக்குன்னு இருக்கறது ஒரே ஒரு அண்ணன். அவரைப் போயி அத்தன பேரு முன்னால…” நெடுஞ்சாலைக்கு ஏறிக் கொஞ்ச தூரம் போன பிறகு அப்பாவின் தோள்கள் குலுங்குவதைப் பின்னாலிருந்து பார்த்தேன். அவரும் அழுகிறார் என்று நினைத்துப் பயந்து எட்டிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். சத்தமில்லாமல், கண்ணில் தண்ணீர் வர, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சிரித்துக்கொண்டிருந்தார்.

“சிரிக்கிறீங்களா நீங்க?” என்றார் அம்மா.

“இல்லம்மா” என்று சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கேட்டார்: “அந்தப் பந்து எப்படிம்மா அவருக்கிட்ட போனதும் அப்படியே செத்து விழுந்துச்சு?”

கூலாய் வரும்வரை அவருக்கு விளக்கிக்கொண்டே வந்தேன்.

அதற்குப் பிறகு சில தீபாவளிகளுக்கு மாசாயிலிருந்து அழைப்பு வரவில்லை. அம்மா அன்று காலையில் தொலைபேசிக்குப் பக்கத்திலேயே எதையாவது துடைத்துக்கொண்டு நிற்பார். அதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருந்தது, ஆனால் செய்ததற்காக வருந்தவில்லை, இன்றும் இல்லை. மாமா மகளின் கல்யாணத்துக்குத்தான் பத்திரிகை வந்தது, போனோம். மாமா என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மாப்பிள்ளை வீட்டாரிடம் நிறுத்தினார். “என் தங்கச்சி மக. பிங்போங் நான்தான் சொல்லிக் குடுத்தேன். கடைசில என்னையே ஜெயிச்சிட்டா!” என்று பெருமையாகச் சிரித்தார். என் பழி முழுவதையும் ஒரே வாக்கியத்தில் அவர் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் நின்ற அப்பா, “ஆமா மச்சான், எல்லாம் உங்களப் பாத்துத்தானே” என்றார்.

இப்போது எனக்கு நாற்பது கடந்துவிட்டது. ஜொகூர் பாருவில் ஒரு மருத்துவமனையின் எக்ஸ்ரே பிரிவில் வேலை. அப்பா இல்லை. அம்மா என்னோடு இருக்கிறார். மாசாய் வீட்டை மாமா விற்றுவிட்டார். வாங்கியவர்கள் போர்ச்சை அடைத்து அறையாக்கிவிட்டார்கள், கேட் ஓரம் ஓடிய சாக்கடைக்கு மூடி போட்டாயிற்று. எங்கள் பாலாய் ராயா இருந்த இடத்தில் மழலையர் பள்ளி நடக்கிறது. சியூ லிங் கல்யாணமாகிச் சிங்கப்பூர் போனாள், பிறகு எங்கே என்று தெரியவில்லை. பந்துகூட மாறிவிட்டது: பெரிதாகி, பிளாஸ்டிக்காகி, உடைந்தால் எந்த வாசனையும் வருவதில்லை. இப்போது ஆட்டம் பதினொன்றில் முடிந்துவிடுகிறது. நின்று காத்து எதிராளியைக் களைப்படைய வைக்க நேரமே இல்லை. வாரத்தில் ஓரிரு மாலை வேலையிடத்து நண்பர்களோடு விளையாடும்போது நானும் அடித்து ஆடத்தான் பழகிவிட்டேன்.

மாமாவும் அத்தையும் நகரில் ஓர் அடுக்குமாடியில் இருக்கிறார்கள். மாமாவுக்கு எழுபது தாண்டி முட்டி அறுவை சிகிச்சையும் ஆகிவிட்டது. “அண்ணன் பேச ஆளில்லாம இருக்காரு, ஒரு எட்டுப் போயிட்டு வா” என்று அம்மா நச்சரித்ததால் போன சனிக்கிழமை போனேன். காப்பி குடித்து முடிப்பதற்குள் மாமா எழுந்தார். “கீழ மேசை இருக்கு. வர்றியா?”

கீழே பொது அறையில் சில சீனப் பெரியவர்கள் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்கள். பாவம், வயதானவர், மெதுவாக ஆடலாம் என்று நினைத்துத்தான் பேட்டை எடுத்தேன். மாமா மேசையை விட்டு இரண்டடி பின்னால் போய் நின்றார். முட்டியை மடக்க முடிந்த அளவுக்கு மடக்கினார். நான் அடித்தேன், அவர் வெட்டினார். பந்து என் முழங்கைக்கு நேராக வந்தது. வலையில் போட்டேன். அடுத்ததைத் தூக்கி அடித்தேன், அது சுழலவே இல்லை, வெளியே போனது. “ச்சே” என்று சொன்னது நான்தான். சீனப் பெரியவர்கள் செய்தித்தாளை இறக்கி வைத்தார்கள். அவர் பேட்டின் ஒரு பக்கத்தில், தற்காப்பு ஆடுகிறவர்கள் ஒட்டும் முள் முள்ளான ரப்பரை அப்போதுதான் பார்த்தேன். அது தேய்ந்திருந்தது. பல வருடமாகத் தேய்ந்த தேய்மானம்.

தோற்றேன். பந்து என் பக்கம் மூலையில் உருண்டு கிடந்தது. குனிந்து எடுத்தேன்.

“எப்படி இருக்கு?” என்று கேட்டார் மாமா, மூச்சு வாங்க. முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். பிறகு அந்தப் பெரியவர்களிடம் திரும்பி மலாயில், “இவளுக்கு நான்தான் கத்துக் குடுத்தேன்” என்றார்.

திரும்பும் வழியில் கடையில் நிறுத்திப் அதே மாதிரி முள் ரப்பர் வாங்கி, அன்று மாலையே என் பேட்டில் ஒட்டினேன். வீட்டுச் சாப்பாட்டு மேசையை நடுக்கூடத்துக்கு இழுத்துப் போட்டு, பின்னால் போய் நின்று வெட்டிப் பழகுகிறேன். அம்மா ஒன்றும் புரியாமல் பார்க்கிறார். நாளை சனிக்கிழமை. மாமாவிடம் வருவதாகச் சொல்லிவிட்டேன். அத்தையையும் கீழே வந்து உட்காரச் சொல்லியிருக்கிறேன். அந்தச் சீனப் பெரியவர்களும் கட்டாயம் இருக்க வேண்டும்.